பாகல் விதை அழுகிப்போவது ஏன்?

வணக்கம். இருபது பாகல் விதையை மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, இரண்டுதான் முளைத்தது, மீதி அழுகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. விதை மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஊறல்தான் அதிகம். விதைக்கும் மூச்சு உண்டு. நாள்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். 12 மணி நேரம் போதும், மிஞ்சினால் 24.

பாகலுக்கு ஓடு தடிமன். அதனால் ஊறப் போடும் முன் நகவெட்டியால் பக்க விளிம்பில் துளி மட்டும் நறுக்குங்கள். கூர்முனையில் கை வைக்க வேண்டாம், வேர் அங்கிருந்துதான் வரும். உள்ளே வெள்ளைப் பருப்பு தெரியலாம், ஆனால் அதில் வெட்டு படக்கூடாது.

அப்புறம், ஊறிய விதையை ஈரத்துணியில் மடித்து, மூடி போட்ட டப்பாவில் 25 முதல் 30 டிகிரி சூட்டில் வையுங்கள். துணியைப் பிழிந்தால் சொட்டக்கூடாது, அந்த அளவு ஈரம்தான். தினமும் ஒரு முறை திறந்து காற்று காட்டுங்கள். வெள்ளை வேர் அரை சென்டிமீட்டர் நீட்டியதும், வேர் கீழே பார்க்கும்படி 2 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். நீள விட்டால் எடுக்கும்போதே ஒடியும்.

வெண்டையும் போடப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கு ஓர் இரவு ஊறினால் சரி. பீன்ஸை ஊற வைக்காமல் ஈரமண்ணிலேயே ஊன்றுங்கள். தண்ணீரை வேகமாக இழுத்தால் பருப்பு பிளந்துவிடும். பாக்கெட் விதையில் சிவப்பு, நீலச் சாயம் இருந்தால் அது பூஞ்சைக்கொல்லியாக இருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.