இணைப்பு யாரிடம் கேட்பது? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேராக்கில் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கேட்டவர்கள் கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள். எல்லாருக்கும் கவலை ஒன்றுதான்: அகப்பக்கம் இருக்கிறது, கூகுளில் தேடினால் வரவில்லை. மற்ற தளங்கள் நம் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புகளை, அதாவது பேக்லிங்க்குகளை, எப்படிப் பெறுவது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள்.

ஐயா, வீட்டில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறேன். 150 வெள்ளிக்கு 1,000 பேக்லிங்க் போட்டுத் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். தீபாவளிக்குள் முதல் பக்கத்தில் வந்துவிடுமாம். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. அந்த 150 வெள்ளியை மாவுக்கும் எண்ணெய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு ஒருவர் வேறு விலை சொல்லி வருவார். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது உருவாக்கிய முறைக்குப் பெயர் பேஜ்ரேங்க். 1998இல் கூகுள் நிறுவனம் அதை வைத்துத்தான் தொடங்கியது. ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. பரிந்துரைக்கும் தளத்துக்கு எவ்வளவு மதிப்போ, அந்தப் பரிந்துரைக்கும் அவ்வளவு எடை. மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது, என்ன சொன்னார்கள் என்பதோடு யார் சொன்னார்கள் என்றும் பார்ப்போம் இல்லையா, அதே கணக்கு.

இது தெரிந்ததும் காசுக்கு இணைப்பு விற்கும் கூட்டம் கிளம்பியது. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, அப்படி வாங்கியவர்களின் தளங்களைக் கீழே தள்ளியது. 2016இலிருந்து பெங்குவின் முக்கியக் கணிப்பு முறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. தளத்தைத் தள்ளுவதைவிட அந்த இணைப்புகளை மதிப்பில்லாமல் ஆக்குவதுதான் இப்போது வழக்கம். 2022 டிசம்பரிலிருந்து ஸ்பாம்பிரெய்ன் என்ற அமைப்பு, இணைப்பு வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே நடக்கும் தளங்களையும் கண்டுபிடிக்கிறது. ஆக, பெரும்பாலும் உங்கள் காசு வீணாகும். கூகுள் ஊழியர் ஒருவரே உங்கள் தளத்தைப் பார்த்துத் தண்டனை போட்டால் அதற்கு மேலும் இழப்பு.

தீபாவளிக்கு ஆர்டர் வேண்டுமென்றால் போன வருடம் வாங்கியவர்களுக்கு இப்போதே செய்தி அனுப்புங்கள். நல்ல இணைப்பு கிடைத்தாலும் கூகுள் அதைக் கண்டு எடைபோடக் காலம் பிடிக்கும். யாரும் தேதி குறித்து வாக்குக் கொடுக்க முடியாது.

கல்யாணம், கோயில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். இணைப்பு 'சம்பாதிக்க' வேண்டும் என்று எழுதுகிறீர்கள். எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்கு யார் தருவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் சின்ன ஊரில்தான் இது சுலபம். கோலாலம்பூரில் ஒரு கேட்டரிங்காரர் முன்பின் தெரியாதவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கெஞ்ச வேண்டியிருக்கும். உங்களுக்கு எல்லாரும் தெரிந்தவர்கள்.

ஒரு தாளை எடுத்து, போன ஒரு வருடத்தில் யார் யாரோடு வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். மண்டபம் இருக்கும். மணவறை அலங்காரம் செய்தவர், புகைப்படக்காரர், நாதஸ்வரக் குழு, பந்தல் போட்டவர், ஈப்போவில் மளிகை வாங்கும் மொத்தக் கடை, எல்லாரையும் எழுதுங்கள். தைப்பூசத்துக்கு அன்னதானம் சமைத்த கோயில், பரிசளிப்பு விழாவுக்குச் சாப்பாடு கொடுத்த தமிழ்ப்பள்ளி, அதன் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பழைய மாணவர் சங்கம். இவர்களில் யாருக்கெல்லாம் சொந்தத் தளம் இருக்கிறது என்று பாருங்கள். அதிகம் இருக்காது, நாலைந்து தேறலாம். அந்த நாலைந்தும் முன்னே சொன்ன ஆயிரத்தைவிட மேல், ஏனென்றால் அங்கிருந்து ஒருவர் சொடுக்கி உங்களிடம் வந்தால் உண்மையிலேயே ஆர்டர் கொடுக்கக் கூடியவர்.

கேட்பது எப்படி? மின்னஞ்சல் வேண்டாம், நேரில் பார்க்கும்போதோ தொலைபேசியிலோ கேளுங்கள். "அண்ணே, உங்கள் மண்டபப் பக்கத்தில் சமையல்காரர்கள் பட்டியல் இருக்கிறது, அதில் எங்கள் பெயரையும் போட்டு எங்கள் அகப்பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுக்க முடியுமா?" அவ்வளவுதான். எந்தப் பக்கம், எந்த இடம் என்று நீங்களே பார்த்து வைத்துக்கொண்டு சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். 'இங்கே சொடுக்கவும்' என்பதைவிட உங்கள் தொழில் பெயரிலேயே இணைப்பு இருக்கட்டும். எல்லா இடத்திலும் 'சிறந்த கேட்டரிங் பேராக்' என்று ஒரே மாதிரி வைக்கச் சொல்லாதீர்கள். திட்டம் போட்டுச் செய்தது அப்பட்டமாகத் தெரியும்.

இன்னொன்று. இணைப்புக் கொடுக்கத் தகுந்த ஒரு பக்கம் உங்களிடம் இருக்கிறதா? விலைப்பட்டியலுக்கு யாரும் தாமாக இணைப்புத் தர மாட்டார்கள். 300 பேர் பந்திக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை வாழை இலை, எத்தனை ஆள் பரிமாற வேண்டும் என்று உங்களுக்குக் கைக்கணக்கு இருக்கிறது. அதை அப்படியே எழுதுங்கள். கல்யாண வீட்டார் அதை ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள், கல்யாணம் பற்றி எழுதும் தளங்களும் அதைச் சுட்டும். இந்த அறிவு பெரிய கம்பெனிகளின் தளங்களில் கிடைக்காது, அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

கோயிலுக்கோ பள்ளிக்கோ பணம் கொடுத்து, அதற்கு ஈடாக இணைப்பு வாங்கினால் அது விளம்பரம். அதில் தவறில்லை; ஆனால் அந்த இணைப்பில், இது காசுக்கு வந்தது என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்ட்' என்ற குறியைப் போடச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்த குறி அது. இதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லும் பழைய 'நோஃபாலோ' குறியும் போதும்.

முகநூலில் எங்கள் பக்கத்தை 400 பேர் பகிர்ந்தார்கள். அது 400 பேக்லிங்க் ஆகுமா?

ஆகாது. முகநூலிலிருந்து வெளியே போகும் இணைப்புகளில் நோஃபாலோ குறி இருக்கும், வாட்ஸ்அப் குழுக்களைக் கூகுள் பார்ப்பதே இல்லை. ஆனால் அந்த 400 பேரில் ஒருவர் சொந்தத் தளம் வைத்திருந்து அங்கே உங்களைப் பற்றி எழுதினால், அது கணக்கில் சேரும். அதனால் பகிர்வதை நிறுத்த வேண்டாம்.

டயர் கடை வைத்திருக்கிறேன். கூகுள் வரைபடத்தில் பக்கத்துக் கடை மேலே வருகிறது, நான் கீழே. இணைப்புத் தேடவா?

முதலில் அது வேண்டாம். உள்ளூர்த் தேடலுக்கு மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைலை, அதாவது வரைபடத்தில் தெரியும் உங்கள் கடை விவரப் பக்கத்தை, முழுசாக நிரப்புங்கள்: சரியான தொழில் வகை, திறக்கும் நேரம், பொதுவிடுமுறை நேரம், கடை முகப்புப் படம். பெயர்ப்பலகையில் உள்ள பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும், ஊர்ப்பெயரையும் டயர் பிராண்டையும் பெயரோடு ஒட்டவைக்கக் கூடாது. வேலை முடிந்த வாடிக்கையாளரிடம் விமர்சனம் கேளுங்கள், ஆனால் அதற்குத் தள்ளுபடி கொடுக்காதீர்கள், விதிமீறல். இதெல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் விற்கும் டயர் பிராண்டின் மலேசியத் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் இருந்தால் அதில் உங்கள் கடையும் அகப்பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு என்று பார்த்தால் அதுவே உங்களுக்கு நல்ல தொடக்கம்.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புத் தாமானாகிவிட்டது. லயங்கள், பால் வெட்டும் காலம், தோட்டப் பள்ளி பற்றிய பழைய படங்களைத் திரட்டித் தளம் நடத்துகிறேன். பலர் படத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், இணைப்புத் தருவதில்லை. தேடலிலும் நான் வருவதில்லை.

உங்கள் தளம்தான் இந்தப் பட்டியலிலேயே அதிக இணைப்புகளுக்கு உரியது. அதை நம்புங்கள்.

முதலில், ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் வையுங்கள். எல்லாப் படமும் ஒரே நீளப் பக்கத்தில் இருந்தால் யாரும் எதையும் சுட்ட முடியாது. படத்தின் கீழே எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, ஏறத்தாழ எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், நம் மக்கள் வாயில் ஒரு பெயர் இருக்கும். இரண்டையும் போடுங்கள், கிள்ளானிலிருந்து தேடும் பேரப்பிள்ளைக்குத் தாத்தா சொன்ன பெயர்தான் தெரியும். பக்கங்களை ஒன்றோடொன்று இணையுங்கள்: பள்ளிப் படத்திலிருந்து லயத்துக்கு, அங்கிருந்து கோயிலுக்கு. சொந்தத் தளத்துக்குள் கொடுக்கும் இணைப்புக்கும் பயன் உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எடுத்துப் போட்டவர்களைக் கண்டுபிடிக்க கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். கிடைத்தவர்களுக்குக் கோபமில்லாமல் எழுதுங்கள்: "எங்கள் தொகுப்பின் படத்தைப் பயன்படுத்தியது மகிழ்ச்சி. படத்தின் கீழே எங்கள் பெயரையும் இந்தப் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துவிட வேண்டுகிறேன்." பத்திரிகைக்காரர்களும் ஆய்வு மாணவர்களும் கேட்டால் சேர்ப்பார்கள், ஆதாரம் காட்டுவது அவர்களுக்கும் தேவை. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் உங்கள் தளத்தை மேற்கோளாகக் காட்டலாம் என்று உரையாடல் பக்கத்தில் முன்மொழியுங்கள். அங்கே நோஃபாலோ குறி இருக்கும்; ஆனாலும் எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆதாரம் தேடி வருகிறார்கள்.

இலவச முகவரியிலிருந்து சொந்த முகவரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் சீக்கிரம் மாறுங்கள். பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 திருப்பிவிடல் (நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் முறை) மூலம் அனுப்ப வழி இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் இதுவரை கிடைத்த இணைப்பெல்லாம் வெறும் பிழைப் பக்கத்தில் போய் நிற்கும்.

டியூஷன் சென்டர் நடத்துகிறோம். 20 பேர் சேர்ந்து, ஒருவர் தளத்தில் மற்ற 19 பேருக்கும் இணைப்புக் கொடுக்கலாம் என்று யோசனை.

வேண்டாம் ஆசிரியரே. அளவுக்கு மீறிய இணைப்புப் பரிமாற்றம் கூகுளின் விதிகளுக்கு எதிரானது. உங்கள் மாணவர்களுக்குப் புத்தகம் விற்கும் கடையும் நீங்களும் ஒருவரையொருவர் காட்டுவது இயல்பு, அதற்குத் தடையில்லை.

எங்கள் தளத்தின் 'டொமைன் அத்தாரிட்டி' 9தான். சூதாட்டத் தளங்களிலிருந்து வேறு நிறைய இணைப்பு வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

டொமைன் அத்தாரிட்டி என்பது ஒரு தளம் தேடலில் எவ்வளவு பலமானது என்று மோஸ் என்ற நிறுவனம் போடும் கணக்கு, கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. சூதாட்ட இணைப்புகள் எல்லார் தளத்துக்கும் வரும், கூகுள் அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. இணைப்புகளை மறுக்கும் டிஸ்அவாவ் கருவி 2012இலிருந்து இருக்கிறது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கான்சோல் கருவியில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியை, அதாவது கூகுள் ஊழியர்கள் போட்ட தண்டனைகள் தெரியும் இடத்தை, திறந்து பாருங்கள். அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லாமல், நீங்களும் முன்பு இணைப்பு எதுவும் வாங்காமல் இருந்தால், அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.