நானோ துகள் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தால் கல்லீரல் தழும்பு தெரியுமா?

அப்பாவுக்கு ஃபேட்டி லிவர், பயாப்ஸி ஊசி என்றாலே பயப்படுகிறார், நானோ துகள் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தால் போதும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியும், ஆனால் தழும்பு முற்றிய பிறகுதான். அதைவிடப் பெரிய சிக்கல், இதற்குப் பயன்பட்ட மருந்து இப்போது நம் பக்கம் கிடைக்காது. (நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், டாக்டர் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.)

நானோ என்றதும் நேற்று வந்த சமாச்சாரம் போலத் தோன்றும். இரும்பு ஆக்சைடு நானோ துகளுக்கு டெக்ஸ்ட்ரான் (ஒரு வகைச் சர்க்கரைப் பொருள்) பூசிச் செய்த ஃபெரிடெக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று உண்டு, ரத்தத்தில் வரும் குப்பையை விழுங்குவதுதான் வேலை (பெயர் ஒரு ஜெர்மன்காரருடையது, குப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!). அவை இந்தத் துகளையும் விழுங்கிவிடும், இரும்பு போய்ச் சேர்ந்த இடமெல்லாம் படத்தில் கறுத்துவிடும். தழும்பு விழுந்த இடத்தில் அந்த செல்கள் அவ்வளவாக இருக்காது, அதனால் அங்கே கறுக்காது. பயிற்சிக் காலத்தில் ஒரு பழைய படம் காட்டினார்கள்: மருந்துக்கு முன் ஒன்றுமே தெரியாத சாம்பல் கல்லீரல், மருந்துக்குப் பின் கன்னங்கரேலென்று ஆகி, அதற்குள் வற்றிய ஏரியில் வெடிப்பு ஓடுவது போல வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடுதான் தழும்பு. கூடவே கேடோலினியமும் (எம்ஆர்ஐயில் வழக்கமாக ஏற்றும் இன்னொரு மருந்து) ஏற்றினால் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும் என்று சான் டியேகோவில் 2006 வாக்கில் செய்து காட்டினார்கள்.

அப்புறம் ஏன் போனது? அந்த மருந்து வந்ததே முக்கியமாகக் கட்டியைக் கண்டுபிடிக்கத்தான். அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், சிலருக்கு நடுவில் இடுப்பு வலி வந்து நிறுத்தி நிறுத்தி ஏற்ற வேண்டியிருக்கும். அந்த வேலைக்குச் சுலபமான வேறு மருந்துகள் வந்ததும் இதை யாரும் சீண்டவில்லை, 2008-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதன் தம்பி ரெசோவிஸ்ட் ஜப்பானில் தொடர்ந்தது.

இப்போது எம்ஆர்ஐ மெஷினிலேயே செய்வது எலாஸ்டோகிராபி. ஊசியே வேண்டாம். வலது விலாவின் மேல் தட்டு மாதிரி ஒன்றைக் கட்டி, நொடிக்கு 60 தடவை அதிரவிட்டு, அதிர்வு கல்லீரலுக்குள் ஓடும் வேகத்தை வைத்து இறுக்கத்தைக் கணக்கிடுவோம். 1995-ல் இதை முதலில் எழுதிய மேயோ கிளினிக் கட்டுரையில் முதல் பெயர் முத்துப்பிள்ளை, பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று உதவிய அதே இரும்பு இன்று எங்களுக்குத் தொல்லை. சிறு வயதிலிருந்து தலசீமியாவுக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பையன் வந்தான், மூன்று தடவை மூச்சுப் பிடிக்கச் சொல்லி எடுத்தும் திரையில் கல்லீரல் இருக்க வேண்டிய இடத்தில் கரும்பள்ளம்தான், ஒரு எண்ணும் வரவில்லை. கல்லீரலில் தேங்கிய இரும்பு சிக்னலையே சாப்பிட்டுவிட்டது.

அப்பாவுக்கு முதலில் ஃபைப்ரோஸ்கேன்தான் எழுதுவார்கள் (அல்ட்ராசவுண்ட் வைத்துக் கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் கருவி), அதிலும் ஊசி கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு ரிப்போர்ட்டிலும் இறுக்கத்தின் அளவு கிலோபாஸ்கல் என்றே இருக்கும், ஆனால் கணக்கு வேறு. ஃபைப்ரோஸ்கேனில் 5 என்றால் பொதுவாக நிம்மதியாகத் தூங்கலாம், எம்ஆர்ஐ எலாஸ்டோகிராபியில் 5 என்றால் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பு முற்றிய நிலை) பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் வெறும் வயிற்றோடு கூட்டிப்போங்கள், எலாஸ்டோகிராபி என்றால் அண்மையில் இரும்பு ஊசி போட்டிருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ மெஷினில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.