மூன்று நாள் கல்யாணத்துக்கு யூரோவில் எவ்வளவு கேட்பது?

தம்பி, நீ கேட்டிருப்பது இதுதானே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாய், கல்யாணமாகி பாரிஸ் பக்கம் வந்துவிட்டாய். மனைவி வழியில் தெரிந்த ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் புதுச்சேரிக் குடும்பம், பெண்ணின் கல்யாணத்தைப் புதுச்சேரியில் வைக்கிறது. நலங்கு, வரவேற்பு, முகூர்த்தம் என்று மூன்று நாள். ஊரில் ஒரு நாளுக்கு வாங்கியதை மூன்றால் பெருக்கி, யூரோவுக்கு மாற்றிச் சொல்லிவிடலாமா?

வேண்டாம்பா. பெருக்கினாலும் இடிக்கும், மாற்றினாலும் இடிக்கும்.

நலங்கு வீட்டுக்குள்ளேயே சில மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு கேமரா போதும். வரவேற்பு மாலை 6 மணிக்கு என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள். இரவு 11 மணிக்கும் மேடை வரிசை நகர்ந்துகொண்டிருக்கும், புதுச்சேரி மண்டபங்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் 4.30 - 6 முகூர்த்தம் என்றால் பெண் அலங்காரத்தை எடுக்க இரண்டரை மணிக்கே நீ மண்டபத்தில் நிற்க வேண்டும். காலண்டரில் அது இரண்டு நாள், உன் உடம்புக்கு ஒரே நாள். அந்த இரவுக்கு இன்னொரு போட்டோகிராபர் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதே. அதனால் நாளுக்கு இவ்வளவு என்று சொல்லாமல், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எத்தனை மணி நேரம், எத்தனை ஆள், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுது.

எடுத்த பிறகுதான் பெரிய வேலை. மூன்று நாளில் சேரும் சில ஆயிரம் படங்களைக் கழித்து, கலர் பார்த்து, கரிஷ்மா ஆல்பத்துக்கு (படங்களைப் பக்கத்திலேயே அச்சிடும் புத்தக ஆல்பம்) டிசைன் செய்து முடிக்க, எடுத்த நாட்களைவிட அதிக நாள் பிடிக்கும். அந்த நாட்களும் விலைக்குள் வர வேண்டும். அதே சமயம் பயணம், பேச்சுவார்த்தை, கேமரா தயார் செய்வது எல்லாம் ஒரு தடவைதான். ஆகவே மொத்தத் தொகை ஒரு நாள் கல்யாணத்தின் மூன்று மடங்கைவிடக் குறைவாக வருவது நியாயம்தான், அவர்களும் அதை எதிர்பார்ப்பார்கள். ஆல்பத்தை மட்டும் தனி வரியாகப் போடு. பக்கம் கூட்டிக்கொண்டே போவார்கள்.

இப்போது யூரோ விஷயம். ஊர் விலையை அப்படியே மாற்றினால், ஊர் வருமானத்தில் பாரிஸ் வாடகை கட்டுகிறாய் என்று அர்த்தம். ஒத்தோ-ஆந்த்ரபிரனராக, அதாவது சிறு அளவில் சுயதொழில் செய்பவராக, பதிவு செய்வாய் அல்லவா? உன் கார்த் த செழூர் (இங்கே தங்குவதற்கான அட்டை) பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் கணவர் என்ற முறையில் வந்தது, அதற்குத் தடையில்லை. மாணவர் அட்டையில் வரும் பையன்களுக்கு இந்த வழி கிடையாது. பதிவு செய்தபின் 1,000 யூரோ பில் போட்டால் சமூகப் பங்களிப்பாக 200 யூரோவுக்கு மேல் போய்விடும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் பிடித்தம் லாபத்தின் மேல் இல்லை, பில் தொகையின் மேல். விமான டிக்கெட், உதவி ஆளின் சம்பளம், மண்டபத்துக்குப் போகும் கார் எல்லாவற்றையும் உன் பில்லில் சேர்த்தால் அவற்றுக்கும் சேர்த்துக் கட்டுவாய். எனவே டிக்கெட்டை அவர்களையே வாங்கச் சொல். கடலூரிலிருந்து கூப்பிடும் வீடியோக்காரருக்கும் லைட் பையனுக்கும் அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும். உன் பில்லில் உன் வேலை மட்டும் இருக்கட்டும். வருமான வரம்புக்குள் இருக்கும்வரை டி.வி.ஏ. (நம் ஊர் ஜி.எஸ்.டி. மாதிரி வரி) சேர்க்க வேண்டாம், ஆனால் சேர்க்கவில்லை என்பதைப் பில்லில் எழுதியாக வேண்டும்.

வாய்ப்பேச்சில் எதையும் முடிக்காதே, தெவி, அதாவது வேலையையும் விலையையும் பட்டியலிட்ட கொட்டேஷன், எழுதிக் கையெழுத்து வாங்கு. சொந்தக்காரர்களிடம் எப்படி என்று தயங்குவாய். இங்கே பிளம்பர் முதல் பெயின்டர் வரை தெவி கொடுத்துத்தான் வேலை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முன்பணத்தை ‘ஆர்’ என்று எழுதினால், அவர்கள் விலகும்போது அது உனக்கு. நீ விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ‘அகோந்த்’ என்று எழுதினால் இரண்டு பேருமே நினைத்தபடி பின்வாங்க முடியாது, விலகுகிறவர் நஷ்டஈடு தரவேண்டி வரலாம். இங்கே மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) நடக்கும் சட்டத் திருமணத்தையும் எடுக்கச் சொல்வார்கள் பார், அதையும் இதே தெவியில் இன்னொரு நிகழ்ச்சியாகச் சேர்த்துவிடு.

தேதியையும் கேள். பிரான்சில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அதில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆடியில் மாதா கோவிலில் வைப்பார்கள், ஆட்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். இந்துக் குடும்பம் என்றால் ஆவணி பிறந்து செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் இருக்கும் இரண்டு வாரத்தில் எல்லாக் கல்யாணமும் வந்து விழும். அந்த முகூர்த்தங்களுக்கு ஊரில் நல்ல வீடியோக்காரர் கேட்கும் விலையே வேறு. அதைத் தெரிந்துகொண்டு உன் விலையைச் சொல்.

‘நம்ம பையன்தானே, கொஞ்சம் பார்த்துப் போடு’ என்று மாமனாரே வந்து கேட்பார். தொகையைக் குறைக்காதே, வேலையைக் குறை. நலங்கை உறவுக்காரப் பையன் யாராவது எடுக்கட்டும், அந்த வரியை அடித்துவிட்டுப் புதுத் தெவி கொடு. அவர்கள் சொல்லும் தேதி ஆவணி என்றால், விலை பேசும் முன்பே கடலூரில் அந்த இரண்டாவது போட்டோகிராபருக்குப் போன் போட்டுவிடு.