மேகம் எத்தனை அடியில்?

கேள்வி: அமெரிக்காவில் ஸ்கைடைவிங் பழகுகிறேன். போன் ஆப் ‘வானம் தெளிவு’ என்கிறது. போய்ப் பார்த்தால் மேகம், குதிப்பு ரத்து. மேக உயரத்துக்கு எதை நம்புவது?

பதில்: ஆப்பை விடுங்கள், அது குடை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கத்தான் லாயக்கு. பக்கத்து விமான நிலையத்தின் ‘மெட்டார்’ என்ற வானிலை அறிக்கையைப் பாருங்கள். ‘பிகேஎன்035’ என்றிருந்தால், வானத்தில் எட்டில் 5 முதல் 7 பங்கு மூடியிருக்கிறது, மேகத்தின் அடிப்பகுதி 3,500 அடி உயரத்தில் என்று பொருள். கணக்கு அந்த நிலையத்தின் தரையிலிருந்து. நீங்கள் குதிக்கும் இடம் அதைவிட 800 அடி மேடு என்றால் உங்களுக்கு 2,700 அடிதான்.

ஏமாற்றுவது ‘சிஎல்ஆர்’, அதாவது மேகம் இல்லை என்ற குறி. தானியங்கி நிலையத்தின் லேசர் நேர் மேலே மட்டும், அதுவும் 12,000 அடிவரைதான் பார்க்கும். விமானம் 13,500 அடிக்கு ஏறினால் அங்கே ஒரு படலம் காத்திருக்கலாம்.

மெட்டார் கிடைக்காத இடத்தில், வெப்பநிலையில் பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலை) கழித்து 400-ஆல் பெருக்குங்கள். 28, 18 டிகிரி செல்சியஸ் என்றால் சுமார் 4,000 அடி. வெயில் சூட்டில் எழும் பஞ்சுமேகத்துக்கு மட்டுமே இது பொருந்தும். காலை மூட்டத்துக்குப் போட்டால் தப்பாகும்.

நாளைக்கு என்றால், ‘டாஃப்’ என்ற விமான நிலைய வானிலை முன்னறிவிப்பு. ஆனால் அது நிலையத்தைச் சுற்றி 5 மைலுக்குத்தான்.

மேக இடைவெளியில் குதிக்கலாமே என்பார்கள். 10,000 அடிக்குக் கீழே மேகத்துக்கு 500 அடி கீழே, 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி விலகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். 10,000 அடிக்கு மேலே பக்கவாட்டில் ஒரு மைல்.