நான்கு ஊசி போட்டும் சினை நிற்காத பசு

கேள்வி: இரண்டாம் ஈற்றுப் பசு, கன்று போட்டு ஐந்து மாதம் ஆகிறது. நஞ்சுக்கொடி மறுநாள்தான் விழுந்தது. நான்கு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் 20, 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்துகிறது. பருவத்தில் வழியும் சளிபோன்ற வழும்பில் வெள்ளைத் திப்பி தெரிகிறது. இன்னொரு கிடாரி, காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தது. 22 மாதமாகியும் பருவத்துக்கே வரவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: ஐந்தாவது ஊசியை ஒத்திப்போடுங்கள். பசு சரியான இடைவெளியில் பருவத்துக்கு வருகிறது என்றால் சினைப்பை (கருமுட்டை உருவாகும் உறுப்பு) வேலை செய்கிறது. கோளாறு பெரும்பாலும் கருப்பைக்குள்தான். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கிருமி உள்ளே பெருகிக் கருப்பையின் உட்சுவர் புண்ணாகும். அங்கே கரு கூடினாலும் நிலைக்காது. முதல் இரண்டு வாரத்துக்குள் கரு அழிந்தால் பசு வழக்கம்போல் 21-ஆம் நாளில் கத்தும், கரு கூடவே இல்லாததுபோல.

வழும்பைக் கவனியுங்கள். பசு படுத்திருக்கும்போது வழிவதைக் கையுறை போட்ட உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல வழும்பு கண்ணாடிபோல் தெளிந்து, அறுபடாமல் கயிறாக நீளும். தயிர்த் திப்பி, அரிசி கழுவிய நீர்போலக் கலங்கல், வாடை, இதில் எது இருந்தாலும் அன்று ஊசி வேண்டாம். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று யார் சொன்னாலும் வேண்டாம். பருவம் முடிந்து ஓரிரு நாளில் வரும் லேசான இரத்தக் கசிவு மட்டும் நோயல்ல. அதற்குப் பயந்து மருந்து போடுகிறவர்கள்தான் அதிகம்.

கால்நடை மருத்துவர் கையை உள்ளே விட்டுச் சோதித்து, கருப்பைக்குள் மருந்து செலுத்துவார், அல்லது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி போடுவார். அது சரியான கட்டத்தில் போடப்பட்டால் 3 முதல் 5 நாளில் பசு பருவத்துக்கு வந்து, கருப்பை சுருங்கிச் சீழை வெளியே தள்ளும். சினைமாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். நான்காவது ஊசி நிற்கவில்லை என்பதை முதலில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது, மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறும். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்காதீர்கள்.

பிறகு ஒரு பருவத்தைச் சும்மா விடுங்கள். அடுத்ததில் வழும்பு தெளிந்திருந்தால் ஊசி: காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. ஊசிக்குப் பின் பருவம் வராததாலேயே சினை என்று நம்பிவிடாதீர்கள். கருப்பையில் சீழ் தேங்கினாலும் பருவம் நின்றுபோகும். 8, 10 நாளுக்கொரு முறை கத்தி, வாலடி தூக்கி நின்றால் அது சினைப்பை நீர்க்கட்டி; வைத்தியமே வேறு. அடுத்த ஈற்றில் நஞ்சுக்கொடி தங்கினால் கையால் பிடித்து இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவும் விடாதீர்கள்.

கிடாரி விஷயத்தில் நம்பிக்கை வைக்க முடியாது. காளையும் கிடாரியும் இரட்டையாக உருவாகும்போது கருவிலேயே இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தநாளங்கள் இணைந்து, காளைக் கருவின் ஹார்மோன் கிடாரியின் சினைப்பையையும் கருப்பையையும் வளரவிடாமல் செய்துவிடும். இப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடுதான். மருத்துவர் ஒருமுறை பார்த்து, யோனிக்குழாய் குட்டையாக, கருப்பை நூலாக இருப்பதாகச் சொன்னால் தாது உப்பு, ஹார்மோன் ஊசி என்று அதற்குச் செலவழிக்காமல் பண்ணையிலிருந்து கழித்துவிடுங்கள்.