சத்தமே போடாத ஸ்கிரிப்ட்டை நம்பலாமா?

கேள்வி: எங்கள் போட்டோ ஸ்டுடியோ சர்வரில் இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்து அமைத்த சேமிப்பிடம்) இருக்கிறது. மாதாமாதம் ஸ்க்ரப் (டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டவும் பழைய ஸ்னாப்ஷாட்களை (குறிப்பிட்ட நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவுகளை) அழிக்கவும், முன்பு வேலை பார்த்த தம்பி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டிருந்தார். இதுவரை ஒரு எர்ரரும் வந்ததில்லை. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: விடாதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றாலும் எர்ரர் வராமல் போகலாம். முதலில் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளை கொடுத்து, ‘ஸ்கேன்’ வரியில் கடைசி ஸ்க்ரப் தேதியைப் பாருங்கள். உங்களிடம் இருப்பவை ஊராரின் கல்யாணப் படங்கள். வருடக்கணக்கில் யாரும் திறக்காத படம் டிஸ்க்கில் கெட்டுப்போனால், ஸ்க்ரப் ஓடினால்தான் தெரியவரும். மிரரோ ரெய்ட்-இசட்டோ (ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டாவை மீட்கும் அமைப்புகள்) இருந்தால் மற்ற டிஸ்க்குகளில் இருப்பதைக்கொண்டு அதுவே சரிசெய்தும் விடும்.

தேதி பழையதாக இருந்தால், கிரானின் ‘பாத்’தை (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலை) சந்தேகப்படுங்கள். டெர்மினலில் ஓடும் கட்டளை கிரானில் கிடைக்காமல் போவது சகஜம். கட்டளை இருக்கும் இடத்தின் முழுப் பாதையையும் ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுங்கள். இன்னொன்று: ஸ்க்ரப் கட்டளை வேலையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும். அடுத்த வரியிலேயே ‘முடிந்தது’ என்று மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் பொய் சொல்கிறது. ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் ஸ்க்ரப் கட்டளையில் ‘-டபிள்யூ’ சேர்த்தால் முடியும்வரை காத்திருக்கும். பிறகு ஸ்டேட்டஸை எடுத்து, நல்லபடியாக முடிந்தாலும் மெயில் போகட்டும். மெயில் வராத மாதம் நீங்களே போய்ப் பார்ப்பீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது ஸ்னாப்ஷாட் அழிக்கும் வரிதான். ‘டெஸ்ட்ராய் -ஆர்’ என்ற அழிக்கும் கட்டளைக்குப் பின்னால் டேட்டாசெட் (பூலுக்குள் ஃபைல்கள் இருக்கும் தனிப் பகுதி) பெயர் ஒரு வேரியபிளிலும் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்), @ குறியோடு ஸ்னாப்ஷாட் பெயர் இன்னொன்றிலும் இருந்து, இரண்டாவது காலியாகிவிட்டால், அந்த டேட்டாசெட்டே ஸ்னாப்ஷாட்களோடு போய்விடும். ஸ்கிரிப்ட்டில் ‘செட் -யூ’ போட்டிருந்தாலும் போதாது. மதிப்பே தரப்படாத வேரியபிளைத்தான் அது பிடிக்கும், காலி மதிப்பை விட்டுவிடும். அதனால் பெயரில் @ இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்படி ஒரு சோதனை வையுங்கள். டெஸ்ட்ராய் கட்டளையில் ‘-என்வி’ சேர்த்தால் எதையும் தொடாமல், எவை அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும்.

தாராளமாகக் கை வையுங்கள், ஆனால் நேரே சர்வர் பூலில் வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரில் சில காலி ஃபைல்களை உருவாக்கி, அவற்றையே டிஸ்க்காகக் கொடுத்துச் சின்னப் பூல் அமைக்கலாம். ஃபைல் ஒன்றுக்கு 64 எம்பி இருந்தாலே போதும். அங்கே வேரியபிளைக் காலியாக்கி, டிஸ்க் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு சர்வரில் போடுங்கள்.