கதைக்காக கேம் விளையாட ஆசை: எதில் தொடங்குவது, யாரிடம் வாங்கக் கூடாது?

கேள்வி: எனக்கு வயது 46. நாவல்கள் நிறைய படிப்பேன். கதையும் பாத்திரங்களும் உள்ள கேம்களை விளையாடிப் பார்க்க ஆசை. விரல் வேகம் கிடையாது, சுடுகிற கேம்கள் வேண்டாம். இருப்பது மகனின் பழைய லேப்டாப்: 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. ‘விட்சர் 3’, ‘டிஸ்கோ எலிசியம்’ உட்பட ஐம்பது கேம்களை 400 ரூபாய்க்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? எதில் தொடங்குவது? - வாசகி, திருநெல்வேலி.

பதில்: முதலில் அந்த 400 ரூபாய். அனுப்பாதீர்கள்.

அவர் உங்களுக்கு கேம் எதையும் விற்கவில்லை. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் உள்ள ஒரு கணக்கின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் தருவார். நீங்கள் உள்ளே நுழையும்போது கேட்கும் சரிபார்ப்பு எண்ணையும் அவரே அனுப்புவார். கேமை இறக்கிக்கொண்டு ‘ஆஃப்லைன்’ நிலைக்குப் போய்விடுங்கள், இனி இணையத்தோடு இணைக்காதீர்கள் என்பார். அதே கணக்கை வேறு பலருக்கும் கொடுத்திருப்பார். ஒரே வீட்டை ஐம்பது பேருக்கு வாடகைக்கு விட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்ட கதைதான். கணக்கை இப்படிக் கைமாற்றுவது ஸ்டீமின் விதிகளுக்கே எதிரானது என்பதால், அது முடக்கப்பட்டால் நீங்கள் புகார் செய்யக்கூட இடமில்லை.

கால்பந்து கேம் என்றால் இதில் பெரிய நஷ்டம் வராது, நாளைக்கு வேறொரு ஆட்டம் ஆடலாம். கதை கேம் அப்படியல்ல. நாற்பது மணி நேரம் ஆடி, யாரைக் காப்பாற்றினீர்கள், யாரிடம் பொய் சொன்னீர்கள் என்பதெல்லாம் சேர்ந்து அது உங்களுடைய கதையாகியிருக்கும். விற்றவர் பாஸ்வேர்டை மாற்றிய அன்று பாதிக் கதையோடு நிற்பீர்கள். ஸ்டீம் தன் சர்வரில் எடுத்துவைக்கும் சேவ்களும் (எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவுகள்) கணக்குக்கு உரியவை, உங்களுக்கு வராது. எனக்கு வரும் கேள்விகளில், ‘கேம் திறக்கவில்லை, என் சேவ் எங்கே’ என்பவற்றில் பெரும்பாலானவை இப்படி வாங்கியவர்கள் கேட்பவைதான். இன்னும் சிலர் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஒரு ஃபைலை ஓட்டச் சொல்வார்கள். வங்கி வேலையும் செய்கிற லேப்டாப்பில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சரி, கேம்களுக்கு வருவோம். ‘விட்சர் 3’ 2015-இல் வந்தது, கதைக்காகவே கொண்டாடலாம். குடித்துக் குடும்பத்தைச் சிதைத்த ஒரு பிரபு தன் மனைவியையும் மகளையும் தேடும் பகுதி ஒன்று போதும். எதிரிகளை எளிதாக்கிக் கதையை மட்டும் ரசிக்கும் நிலையும் அதில் உண்டு. ஆனால் உங்கள் லேப்டாப் அதைத் தாங்காது. 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது இன்னும் கனமாகிவிட்டது. இதைக் கடைப் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் என் நெடுநாள் எரிச்சல். ஏதோ கிராஃபிக்ஸ் கார்டின் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு, மீதியை வாங்குபவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ‘இந்தக் கணினியில் ஓடும், இதில் ஓடாது’ என்று ஒரு வரி எழுத ஏன் இவர்களுக்கு மனம் வருவதில்லை?

அவர்கள் சொல்லாத இன்னொன்று உங்களுக்கு இதைவிட முக்கியம். கேம் உங்களுக்காகக் காத்திருக்குமா, அவசரப்படுத்துமா? டெல்டேல் நிறுவனத்தின் ‘வாக்கிங் டெட்’ (2012) அருமையான கதை. ஆனால் ஒருவர் கேள்வி கேட்டதும் திரையில் ஒரு கோடு குறையத் தொடங்கும். அது தீருவதற்குள் நான்கு பதில்களையும் ஆங்கிலத்தில் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மௌனமே உங்கள் பதிலாகிவிடும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் வெறுத்துப்போய் மூடிவைக்கிறார்கள்.

அதனால் ‘டு த மூன்’ என்ற கேமில் தொடங்குங்கள். 2011-இல் வந்தது, நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும், எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். படங்கள் கட்டம்கட்டமாக, பொம்மை மாதிரி இருக்கும்; அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். சாகக் கிடக்கும் ஜானி என்ற முதியவருக்கு நிலவுக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த ஆசையை நினைவிலாவது நிறைவேற்றிவைக்க இரண்டு மருத்துவர்கள் அவருடைய நினைவுக்குள் இறங்கி, முதுமையிலிருந்து சிறுவயதை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறார்கள். ஒவ்வொரு நினைவிலும் சில பொருள்களைத் தேடிச் சேர்த்தால்தான் அதற்கு முந்தைய நினைவு திறக்கும். மனைவி ரிவர் மடித்து மடித்து வைத்த காகித முயல்கள் வீடு முழுக்கக் கிடக்கும். எதற்காக மடித்தாள் என்பது ஆரம்பத்தில் புரியாது, கேள்வி மட்டும் கூடவே வரும். ஒரு நாவல் வாசகிக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது.

அடுத்து ‘வெண்பா’ (2023). 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, டொரன்டோவில் உருவானது. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்க, விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் மேல்தட்டு கீழே உள்ள இட்லியை நசுக்காது என்பதுகூட ஒரு புதிர். உங்களுக்கு அது புதிராகவே இருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிறகு ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ (2015). ஐந்து அத்தியாயங்கள், முதல் அத்தியாயம் இலவசம். நாயகியால் நேரத்தைப் பின்னோக்கித் திருப்ப முடியும் என்பதால், தப்பான பதிலைச் சொன்னாலும் பெரும்பாலும் திரும்பப் போய் மாற்றலாம். தற்கொலை பற்றிய பகுதி உண்டு, தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

‘டிஸ்கோ எலிசியம்’ (2019) தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலும் ஓடக்கூடியது. சண்டை முறையே கிடையாது, எல்லாம் பேச்சுதான். நிதானமாகப் படிக்கலாம், யாரும் துரத்த மாட்டார்கள். ஆனால் ஆங்கிலம் கடினம், பத்து லட்சம் சொற்களுக்கு மேல். குடித்து நினைவிழந்த ஒரு துப்பறிவாளர் விடுதி அறையில் கண் விழிக்கிறார், அவருடைய டை மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எட்டிப் பிடித்தாரா இல்லையா என்று தீர்மானிக்கத் திரையில் இரண்டு பகடைகள் உருளும். உடல் வலுவைக் குறைவாக வைத்துப் பாத்திரத்தை உருவாக்கியிருந்தால் அங்கேயே மாரடைப்பில் கேம் முடிந்துவிடவும் கூடும்! பகடை தோற்றால் பழைய சேவுக்கு ஓடாதீர்கள். அந்த கேமின் நல்ல காட்சிகள் பல தோல்வியில்தான் திறக்கின்றன. இதை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? ஸ்டீமில் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கி, யுபிஐ மூலம் வாங்குங்கள். கூடுதல் சேர்க்கைகளோடு அதிக விலைக்கு வரும் ‘டீலக்ஸ்’, ‘கோல்டு’ பதிப்புகளைத் தொடாதீர்கள். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். லேப்டாப்பில் ஓடுமா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி இதுதான்.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். ஸ்டீமுக்கு வெளியே வேறு தளங்கள் ‘கீ’ என்று ஓர் எண்ணை விற்கும். அதை ஸ்டீமில் போட்டால் கேம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். அந்தத் தளம் கேம் நிறுவனத்தின் அனுமதி பெற்ற நல்ல கடையாகவே இருக்கலாம், ரசீதும் தரலாம். அப்போதும் அந்த கேமுக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது, ஏனென்றால் பணம் ஸ்டீமுக்குப் போகவில்லை. விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும், அவர்கள் ‘கீயைப் பயன்படுத்திவிட்டீர்களே’ என்பார்கள். திருட்டு கார்டில் வாங்கி மறுவிற்பனைக்கு வரும் கீ என்றால் இன்னும் மோசம், பின்னால் அது ரத்தாகி கேமே காணாமல் போகும். ஆகவே ஓடுமா என்ற சந்தேகம் உள்ள எதையும் கீயாக வாங்காதீர்கள். நிச்சயம் ஓடும் என்று தெரிந்த ‘டு த மூன்’ மாதிரியானவற்றை அனுமதி பெற்ற கடையில் கீயாக வாங்குவதில் தவறில்லை.

நேரக் கணக்கில் இன்னொரு பொறி: கேமைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாலும் அந்த 2 மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். சோதிக்கும்போது உட்கார்ந்து சோதியுங்கள், எழுந்தால் மூடிவிடுங்கள்.

ஒருவேளை அந்த 400 ரூபாயை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவர் தந்த கணக்கிலிருந்து வெளியேறி, அதில் இறக்கிய கேம்களை நீக்குங்கள். அவர் அனுப்பிய ஃபைல் எதையாவது ஓட்டியிருந்தால் முதலில் முழு ஸ்கேன் செய்துவிட்டு, மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதன் பிறகு புதுக் கணக்கு.